சிவப்புப் பொட்டு வைத்த வண்டி

மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கும் வேலையில் இருபத்தேழு வருடம் ஓட்டியவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே 'ரீடிங்' என்று ஆகிவிட்டது. மனைவியும் பக்கத்து வீட்டில் பேசும்போது "எங்க ரீடிங் இன்னும் வரல" என்றுதான் சொல்வாள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மீட்டர் மூடியில் வைத்த ஈயச் சீலைப் பார்ப்பார். அடுத்தது வீட்டுக்காரரின் முகம். எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பார். மீட்டரில் காந்தம் ஒட்டியவர்கள், கண்ணாடியில் ஊசித்துளை போட்டுக் கம்பி நுழைத்தவர்கள், மீட்டருக்கு முன்னாலேயே திருட்டு வயர் இழுத்தவர்கள் என்று எல்லா ரகத்தையும் பிடித்திருக்கிறார். அந்த அனுபவத்தில் சில விதிகள் வைத்திருந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, ஜூஸ் குடிங்க சார்" என்று வலிய உபசரிக்கும் வீட்டில் சீலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு காரணமும் இந்த மாதம் வேறொரு காரணமும் சொல்லும் வீட்டில் திருட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மனுஷன் பேச்சை மாற்றுவான், மீட்டர் மாற்றாது.

இந்தக் குணம் வேலையோடு நிற்கவில்லை. அவர் கல்யாண ஆல்பத்தில் நூறு படத்துக்குக் காசு கொடுத்து, தொண்ணூற்றெட்டுதான் இருந்ததென்று முதலிரவுக்கு அடுத்த வாரம் போட்டோக்காரர் கடையில் போய் நின்றவர். புது மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார், சாட்சிக்கு. அவள் அன்றைக்கே ஆளைப் புரிந்துகொண்டாள். "அந்த ரெண்டு படத்துல நான் கண்ணை மூடியிருந்தேனாம். அதான் போடலையாம். இவருக்கு அதுவும் வேணும்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன கார் வாங்கினார். வாங்கிய அன்றே நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றும் வாங்கினார். தேதி, மீட்டரில் கிலோமீட்டர், ஊற்றிய பெட்ரோல், லிட்டருக்கு எத்தனை ஓடியது, செலவு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப், விடிகாலை நேரம், டேங்க் நிறைய. வெயில் ஏறினால் பெட்ரோல் விரியும், அளவில் அடிபடும் என்பது அவர் கணக்கு.

வண்டி அவரை ஏமாற்றவில்லை. பதினொரு வருடத்தில் டயர் இரண்டு செட், பேட்டரி மூன்று, கிளட்ச் ஒரு தடவை. நடுரோட்டில் ஒரு நாள்கூட நின்றதில்லை. ஒரே மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்விட்டதும், பிறகு வேறு ஊரில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டதும் அதில்தான். ரீடிங் எடுக்கப் போக ஸ்கூட்டர் இருந்ததால், கார் வார நாட்களில் வீட்டுக்குப் பக்கவாட்டில், நாலு தூணுக்கு மேல் தகரம் போட்ட கொட்டகையில் நிற்கும். மாதம் நானூறு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு. அந்தப் பதினாறு அவருக்கு ரத்த அழுத்தம் மாதிரி. பதினைந்தரைக்கு இறங்கினால் சாப்பாடு இறங்காது.

வண்டியைப் பார்த்துக்கொண்டது மச்சினன். மனைவியின் தம்பி. பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒற்றை ஆளாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். கறுத்த தரை, ஒரு பள்ளம், சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். கறுப்புப் பேன்ட்டைத் தவிர வேறு நிறத்தில் அவனை யாரும் பார்த்ததில்லை. மாமாவின் வண்டிக்குப் பாதிக் கூலிதான் வாங்குவான். அந்தப் பாதிக்கும் மாமா ரசீது கேட்பார்.

"என் தம்பிகிட்டயுமா ரசீது?" என்று மனைவி கேட்டபோது, "தம்பிங்கிறதாலதான். வெளியாள்னா சண்டை போட்டுக்கலாம்" என்றார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பதினான்கு புள்ளி எட்டு வந்தது. அடுத்த தடவை பதின்மூன்று புள்ளி இரண்டு. அதற்கடுத்து பன்னிரண்டு புள்ளி ஒன்பது. நோட்டில் அந்த எண்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, குறிப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தார். அந்தக் கேள்விக்குறி மாதாமாதம் கூடிக்கொண்டே போனது.

முதல் சந்தேகம் பங்க் மேல். ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, அதில் பிடிக்கச் செய்தார். பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடித்தன. கோட்டுக்கு ஒரு சொட்டு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"திருப்தியா சார்?" என்றாள் பம்ப் பெண்.

"இன்னைக்கு" என்றார் ரீடிங்.

இரண்டாவது, யாரோ டேங்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்ற சந்தேகம். பெட்ரோல் மூடியின் குறுக்கே ஒரு வெள்ளை நூலை ஒட்டிவைத்தார். மூன்று வாரம் கழித்தும் நூல் ஒட்டியபடியே இருந்தது. வண்டியை யாராவது எடுத்துப் போகிறார்களா? தினமும் காலையிலும் மாலையிலும் கிலோமீட்டர் எண்ணைக் குறித்தார். ஒரு மீட்டர் தூரம்கூட நகரவில்லை. மனைவிக்கு ஓட்டத் தெரியாது. அவர் வெளியூர் போகும் நாட்களில் பேட்டரி இறங்காமல் இருக்க, சாவியைத் திருப்பி ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார். அவருடைய அப்பாவுக்கோ சாவித் துவாரமே தெரியாது. எண்பத்திரண்டு வயது, இரண்டு காதும் மந்தம், அண்ணன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இவர்கள் வீட்டுக் கட்டிலில்தான் வாசம்.

வண்டி ஓடவில்லை, பெட்ரோல் போகிறது. அப்படியானால் எஞ்சின் குடிக்கிறது. எஞ்சினைத் தொடுவது உலகத்தில் ஒரே ஒரு ஆள்.

மச்சினன் முதல் தடவை பார்த்தபோது பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். நுனியில் கரி படிந்திருந்தது.

"மாமா, இது ஓடின வண்டி மாதிரி இல்ல. நின்னுக்கிட்டே ஓடின வண்டி மாதிரி இருக்கு."

"என்னடா உளர்றே?"

"எஞ்சினப் போட்டுட்டு சும்மா விட்டா இப்படித்தான் கரி பிடிக்கும். எங்கயாவது ரொம்ப நேரம் ஆன்ல வெச்சுட்டு நிக்கறீங்களா?"

"நானா? சிக்னல்ல சிவப்பு விழுந்தாலே எஞ்சினை அணைக்கிறவன் நான்."

"தெரியும். உங்க பின்னாடி நின்னு நானே ஹாரன் அடிச்சிருக்கேன்."

ரீடிங் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் இரண்டு மாதம் கழித்து மறுபடி போனபோது மச்சினன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்து, மூடினான். "பதினோரு வருஷமாச்சுல்ல மாமா. வயசானா கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். விடுங்க" என்றான். புது பிளக் மாட்டிவிட்டு, கூலியும் வேண்டாம் என்றான்.

வீடு வரும்வரை ரீடிங்குக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. முதலில் ஒரு காரணம், இப்போது வேறு காரணம். போதாததற்குக் கூலி வேண்டாமாம். இவனிடம் சீலை இரண்டாவது தடவை பார்க்க வேண்டும்.

எண்ணம் ஒரு தடவை முளைத்துவிட்டால் அவருக்குத் தூக்கம் கிடையாது. கம்பெனியிலிருந்து வந்த நல்ல சாமான்களைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டுவிட்டு, இதில் எவனோ கழித்ததை மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். அதை நிரூபிக்க வேண்டும். மனைவியின் அலமாரியில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்று இருந்தது, மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பிளக்குக்கு ஒரு பொட்டு. பேட்டரிக்கு ஒன்று. இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கூலண்ட் டப்பாவில் அளவுக்கு ஒரு கோடு. நான்கு டயரின் உள்பக்கம் ஒவ்வொரு பொட்டு. பிறகு உள்ளே போய், ஒரு யோசனையில், ஓட்டுநர் சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்திலும், சீட்டின் விளிம்புக்கு நேராக, ஒரு பொட்டு வைத்தார். யாராவது சீட்டில் உட்கார்ந்து நகர்த்தினால் தெரிந்துவிடும்.

சீட் ஒரு நாளும் நகரவில்லை. பொட்டும் சீட் விளிம்பும் எப்போதும் நேர்க்கோட்டில் இருந்தன. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. சில நாள் மாலையில் வண்டிக்கு அடியில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், சிமென்ட் தரையில் உள்ளங்கை அளவு ஈரம். குனிந்து தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். நிறமில்லை, வாசமில்லை. கூலண்டோ போட்ட கோட்டிலிருந்து இம்மியும் இறங்கவில்லை. இறங்காத டப்பாவிலிருந்து எப்படி ஒழுகும்?

"அங்க என்னங்க மண்டி போட்டுக்கிட்டு?" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து. உள்ளே அப்பாவின் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"வண்டி ஒழுகுது."

"தரை கழுவினேன். அதா இருக்கும்."

"வண்டிக்கு அடியில மட்டுமா கழுவினே?"

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா "அம்மாடி!" என்று கூப்பிட்டார். போய்விட்டாள்.

ஆறாவது மாதம் சர்வீசுக்கு விட்டபோது விஷயம் உடைந்தது. மச்சினன் பானட்டுக்குள் டார்ச் அடித்தான். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா, இதெல்லாம் என்ன?"

"எதுடா?"

"பொட்டு. பிளக்குல, பேட்டரில, டயர்ல. வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?"

ரீடிங் சுவரில் இருந்த ஸ்பேனர்களைப் பார்த்தார்.

"இது எங்க அக்கா நெயில் பாலிஷ். என் பொண்ணுக்கும் இதே கலர் வெச்சுவிட்டா, எனக்குத் தெரியும்." துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "கேட்டிருந்தா எல்லாத்தையும் கழட்டிக் காட்டியிருப்பேனே மாமா. பதினோரு வருஷத்துல உங்க வண்டியிலேர்ந்து ஒரு ஸ்க்ரூ எடுத்திருப்பேனா?"

"எடுக்கலைன்னா பதினாறு எப்படிடா பதிமூணாச்சு? சொல்லு. நீதானே மெக்கானிக்?"

மச்சினன் வாயைத் திறந்தான். என்னவோ சொல்ல வந்து, மூடிக்கொண்டான். அந்த ஒரு விநாடி ரீடிங்குக்குப் போதுமாக இருந்தது. அப்படி வாயைத் திறந்து மூடியவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்!

அடுத்த வாரம் வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். கண்ணாடி அறை, குளிர், சோபா, யாரும் கேட்காமலே ஒரு டம்ளர் ஜூஸ். ரீடிங் அதைத் தொடவில்லை. டை கட்டிய ஒரு ஆள் இரண்டு பக்க எஸ்டிமேட்டை நீட்டினான். இன்ஜெக்டர் சுத்தம், சென்சார் மாற்றம், இன்னும் பெயர் புரியாத பதினான்கு வேலைகள். மொத்தத்தைக் கூட்டினால் பதினொரு வருடத்தில் மச்சினனுக்குக் கொடுத்த கூலியைவிட அதிகம்.

"இவ்வளவும் செஞ்சா பதினாறு வருமா?"

"வரலாம் சார்."

"வருமா, வரலாமா?"

டை கட்டியவன் குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொன்னா சார், இந்த வயசு வண்டிக்குச் செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசு எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா நல்ல ஆஃபர் இருக்கு."

அந்த ஆளை அவர் நம்பவில்லை. ஆனால் மச்சினனை நம்பாதது அதைவிடப் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் சொன்னார். அடுத்த அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேருமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவன் பண்ண வேலைக்குத்தான் இது."

"என்ன பண்ணான்?"

நோட்டைத் திறந்து சிவப்புக் கோடுகளைக் காட்டினார். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"வண்டிய விக்கணும்னா வித்துக்கோங்க. என் தம்பியத் திருடன்னு சொல்லி விக்காதீங்க. நாளைக்கு அவன் இந்த வாசல்ல கால் வெக்கலைன்னா, பொறந்த வீடுன்னு சொல்லிக்க எனக்கு வேற யாரு இருக்கா?"

"அப்ப கேட்டதுக்கு ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னான்?"

அவள் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினாள். "அவன நான் பேசச் சொல்றேன்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமைதானே. பார்ப்போம்" என்றாள். சமையலறைக்குப் போனவள் அங்கிருந்து கேட்டாள்: "புது வண்டியில எஞ்சின் போடாமலே ஏசி ஓடுமா?"

"ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

அவள் சும்மா எதையும் கேட்பவள் இல்லை. ரீடிங் அந்தக் கேள்வியை மனதில் குறித்துக்கொண்டார். இவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. தம்பிக்காக மறைக்கிறாள்.

வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அவருடைய ரீடிங் மிஷின் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. சார்ஜர் வீட்டில். வழக்கம்போல் வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே ஸ்கூட்டரை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தார், அதுவும் பெட்ரோல்தானே. கேட்டில் கை வைத்தபோது சத்தம் கேட்டது. டிவி சத்தம் எப்போதும் உண்டு. அதற்கு அடியில் இன்னொன்று. எஞ்சின்.

அகப்பட்டான் திருடன் என்று நினைத்தார். ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் ஸ்டாண்டு போட்டு, சுவரோரமாக நடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

கார் கதவுக்கு வெளியே மனைவியின் செருப்பு, ஜோடியாக. ஓட்டுநர் சீட்டில் அவள். சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்துப் போட்டு, கால்களை மடக்கி மேலே வைத்திருந்தாள். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வண்டிக்கு அடியிலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, அவர் முகர்ந்து பார்த்த அதே இடத்தில், உள்ளங்கை அளவுக்குப் பரவிக்கொண்டிருந்தது.

அவர் புத்தி முதலில் போன் மேல்தான் போனது. யாரிடம் பேசுகிறாள்? போன் டேஷ்போர்டின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அழுகிறாளா? இல்லை. மடியில் ஒரு ஆரஞ்சு. தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்து, ஒரு சுளையை வாயில் போட்டு, எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஜன்னல். உள்ளே அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், டிவி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தால் அப்பா விழித்துக்கொள்வார். ஒருமுறை அணைத்துப் பார்த்து, "எவன்டா அணைச்சது?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டது ரீடிங்கேதான்.

அந்த வீட்டில் டிவி கேட்காத ஒரே அறை அந்தக் கார்தான். உள்ளிருந்தபடியே மாமனாரையும் பார்த்துக்கொள்ளலாம். தகரத்துக்கு அடியில் ஏசி இல்லாமல் ஐந்து நிமிடம் இருக்க முடியாது.

ரீடிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம். இரண்டு பதினெட்டு.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு ஜன்னலுக்குள் அப்பா கையை அசைத்தார். அவள் எஞ்சினை அணைத்தாள். சீட்டை நிமிர்த்தினாள். பிறகு கதவைத் திறந்து இறங்கிக் குனிந்து, கீழே தண்டவாளத்தைப் பார்த்தபடி, சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். கொஞ்சம் பின்னால் இழுத்தாள். இன்னும் கொஞ்சம். பொட்டு நேராக வந்ததும் கை எடுத்தாள். ஆரஞ்சுத் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவள் நடையில் எந்த அவசரமும் இல்லை.

இத்தனை மாதமும் அந்தப் பொட்டு அவளுக்குத்தான் உதவியிருக்கிறது.

சார்ஜரை எடுக்காமலே ஸ்கூட்டரைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போனார். ஸ்டார்ட் செய்யும்போதே மனம் தானாகக் கணக்குப் போட்டது. இருபத்துநாலு நிமிடம். வாரத்துக்கு நாலைந்து நாள் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏழெட்டு மணி நேரம். சுமார் ஆறு லிட்டர். பதினாறு பதின்மூன்றாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. நின்றபடி எரிந்த பெட்ரோலைக் கிலோமீட்டர் மீட்டர் எண்ணுவதில்லை. மீட்டருக்கு முன்னாலேயே இழுத்த வயரைத் தெருத் தெருவாகப் பிடித்த ஆளுக்குத் தன் வீட்டில் அது தோன்றவேயில்லை.

மச்சினன் பள்ளத்துக்குள் இருந்தான். மேலே செருப்புக் காலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டான்.

"வாங்க மாமா. பொட்டு வெக்க வந்தீங்களா?"

ரீடிங் அங்கே கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "உங்க அக்கா வண்டியில உக்காந்திருக்கா."

ஸ்பேனர் சத்தம் நின்றது. மச்சினன் ஏறி மேலே வந்தான். "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"ரெண்டு பதினெட்டு. ரெண்டு நாப்பத்திரெண்டுக்கு எறங்கினா."

"அதானே, நீங்க டைம் பார்க்காம வருவீங்களா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பிளக்க மொதத் தடவை பார்த்தப்பவே சந்தேகம். சொன்னேன், சிரிச்சீங்க. அப்புறம் அக்காவுக்குப் போன் போட்டேன். 'ஆமாண்டா, நான்தான்'னா. மாமாகிட்ட சொல்லிடறேன்னேன். சத்தியம் வாங்கிட்டா, சொல்லக் கூடாதுன்னு."

"ஏன்? வேண்டாம்னு சொல்லிடுவேன்னா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அதச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க."

"சொல்லுடா."

"'வேண்டாம்னு சொல்ல மாட்டார்டா. நோட்டுல ஒரு கட்டம் போட்டு என்னையும் எழுதிடுவார். அப்புறம் அங்க உக்கார்றதும் ஒரு வேலை மாதிரி ஆயிடும்'னா."

வரும் வழியில் அந்தக் கட்டத்தை ரீடிங் மனதில் போட்டு முடித்திருந்தார். 'நின்ற நேரம்' என்று தலைப்புகூட வைத்திருந்தார்.

"உன்னைத் திருடன்னு நினைச்சேன்டா" என்றார்.

"தெரியும் மாமா. அதுக்கு ஒரு வாரம் சாப்பாடு எறங்கல. திருடனா இருந்தா கூலி வாங்காம வேலை பார்ப்பேனா?"

"அதனாலதான் நினைச்சேன்."

மச்சினன் அவரையே பார்த்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ரீடிங் சிரிக்கவில்லை, ஆனால் டயரிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. "அந்தப் பொட்டெல்லாம் துடைச்சுடவா? அது அழியாம வேலை பார்க்கிறதுக்குள்ள கை மரத்துப்போகுது" என்றான் மச்சினன்.

"துடைச்சுடு. சனிக்கிழமை கொண்டுவரேன்." கொஞ்சம் பொறுத்து, "ஏசில கேஸ் எப்படி இருக்குன்னு பாரு. கண்ணாடி எல்லாம் ஏத்தி வெச்சிருந்தா. முழுக் கூலியும் வாங்கிக்கணும்" என்றார்.

"ரசீதோடயா?"

"ரசீது இல்லாமலா?"

அன்று சாயங்காலம் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். முதல் சிவப்புக் கோட்டுக்கு மேல் வரியில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், குறிப்புக் கட்டத்தில் இருந்தது: 'அண்ணன் வீட்டிலிருந்து அப்பாவை அழைத்து வந்தது. 64 கி.மீ.' ஏழு மாதமாக ஒவ்வொரு தடவையும் அந்த வரியைத் தாண்டித்தான் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அறுபத்துநாலு சரியா என்று மட்டும் அன்றைக்கு இரண்டு முறை சரிபார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை மச்சினன் கேஸ் நிரப்பினான், பொட்டுகளைத் துடைத்தான். சீட்டின் அடியில் இருந்ததை மட்டும் ரீடிங் தானே சுரண்டினார். பாலிஷ் நன்றாகக் காய்ந்திருந்தது. நகம் வலிக்கும்வரை சுரண்ட வேண்டியிருந்தது. டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு ஆரஞ்சு விதை கிடந்தது. அதை எடுக்காமல் பெட்டியை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி நின்றாள்.

"ஷோரூம் போகலையா?"

"இல்ல."

"ஏன்?"

"அந்த டை கட்டினவன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. கேட்காமயே ஜூஸ் குடுத்தான்."

"அப்ப மைலேஜு?"

"வயசாச்சுல்ல. கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்."

அவள் நகரவில்லை. கையில் துணியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம், காது, செய்தித்தாளைப் பிடித்திருந்த விரல்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். வலது கைப் பெருவிரல் நகத்துக்கு அடியில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவரை அவள் இப்படிச் சந்தேகத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. மீட்டர் முன்னால் நிற்கும் வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று ரீடிங்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளைத் திருப்பினார். திருப்பிய பக்கம் முழுக்க விளம்பரம்.

"தம்பி நேத்து ராத்திரி போன் பண்ணான்" என்றாள்.

"என்னவாம்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சான். சாப்பிட வரேன்னான்."

"வரட்டும்."

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். இரண்டு பதினெட்டுக்கு எங்கோ ஒரு மாடிப்படியில் நின்று, யாருடைய மீட்டரையோ பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். மறந்துவிட முயன்றார், முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஸ்கூட்டரை நிறுத்தும்போது மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் அந்த நெயில் பாலிஷ் பாட்டில். தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் ஒட்டிக்கிடந்த சொட்டுகூட அசையவில்லை.

"சீட்டுக்கு அடியில இருந்தது காணோம்" என்றாள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.

"இப்ப எங்க நிறுத்தணும்னு தெரியாம ரெண்டு நாளா குத்துமதிப்பா வெக்கறேன். சரியா இருக்கா?"

"எப்படி வெச்சாலும் சரிதான்" என்றார் அவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

உள்ளே டிவியை மீறி அப்பா "அம்மாடி!" என்றார். "வரேன் மாமா!" என்று குரல் கொடுத்துவிட்டு, காலி பாட்டிலை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவை நகத்துக்கு."

இறக்கிய ஸ்டாண்டை மறுபடி தூக்கிவிட்டு கடைத்தெருவுக்குப் போனார். கடைக்காரர் எடுத்து வைத்த முதல் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கி, கழுத்து வரை இருக்கிறதா என்று பார்த்தார். அரைக்கால் அங்குலம் குறைவாகப் பட்டது. அடுத்ததை எடுக்கச் சொன்னார்.